முதல் ஏடு எங்கே?

ஐயா, கெய்ரோவின் இடைக்கால யூத வணிகர்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கியிருக்கிறேன். பழைய புத்தகக் கடையில் யூதச் சட்ட நூலான தால்முத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பில் ஒரு தொகுதி வாங்கினேன். ஏட்டெண் 2அ என்றுதான் ஆரம்பிக்கிறது. முதல் ஏடு இல்லாத புத்தகத்தை என் தலையில் கட்டிவிட்டார்களா? வேறு என்ன வாங்கலாம்?
— மா.

அன்புள்ள மா.,

கடைக்காரரைத் திட்டாதீர்கள். தால்முத்தின் பகுதிகள் அநேகமாக எல்லாமே இரண்டாம் ஏட்டில்தான் தொடங்கும். தலைப்புப் பக்கமே முதல் ஏடு. 1520-23இல் வெனிஸில் பாம்பெர்க் என்ற அச்சகர் அச்சடித்தபோது போட்ட ஏட்டெண்களைத்தான் உலகம் இன்றும் மேற்கோளுக்குப் பயன்படுத்துகிறது. உங்கள் பிரதியில் அந்த எண்கள் இருப்பதே நல்ல அடையாளம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறதே என்று ராட்கின்சனின் பழைய மொழிபெயர்ப்பை மட்டும் எடுத்துவிடாதீர்கள், அது வெட்டிச் சுருக்கியது.

சரி, உங்கள் வணிகர்களுக்கு வருவோம். ஃபுஸ்தாத்தில், அதாவது பழைய கெய்ரோவில், பென் எஸ்ரா என்ற யூதத் தொழுகைக்கூடத்தில் கடவுள் பெயர் எழுதிய தாளை எறியக்கூடாது என்று போட்டுவைத்தார்கள். அதோடு கணக்குச் சீட்டும் கடிதமும் சேர்ந்துகொண்டன. அந்தக் குவியலிலிருந்து கேம்பிரிட்ஜுக்குப் போனவை மட்டும் 1,90,000 துண்டுகளுக்கு மேல். அவற்றில் மூழ்கிக் கிடந்து வரலாற்றாசிரியர் கோய்டைன் எழுதியதுதான் 'எ மெடிட்டரேனியன் சொசைட்டி', 1967 முதல் 1988 வரை ஐந்து தொகுதிகள். நூலகத்தில் முதல் தொகுதியைத் தேடாதீர்கள். 1993இல் வந்த ஆறாவதை, அதாவது சொல்லடைவை, முதலில் எடுங்கள். 'மிளகு', 'கூட்டு வணிகம்' என்று உங்களுக்கு வேண்டிய சொல்லைப் பிடித்து உள்ளே போங்கள். முதல் பக்கத்திலிருந்து படிக்க உட்கார்ந்தால் உதவித்தொகைக் காலம் முடிந்துவிடும்.

அப்புறம், ஒரே கடிதங்களை வைத்துச் சண்டை போடுகிற இரண்டு புத்தகங்களை வாங்குங்கள். இந்த வணிகர்கள் நீதிமன்றத்தை நம்பாமல் 'ஏமாற்றினால் ஊரே ஒதுக்கிவிடும்' என்ற பயத்தின் மேல் வியாபாரம் நடத்தினார்கள் என்கிறார் பொருளியலாளர் அவ்னெர் கிரீஃப். 2006இல் வந்த அவர் புத்தகத்தில் அது விரிவாக இருக்கிறது. வரலாற்றாசிரியர் ஜெசிக்கா கோல்ட்பெர்க் 2012இல் அதே கடிதங்களைப் படித்துவிட்டு, இவர்கள் நீதிமன்றத்தை நன்றாகவே பயன்படுத்தினார்கள் என்கிறார். கிரீஃபின் வாதம் அழகானது. என் சாய்வு கோல்ட்பெர்க் பக்கம்தான், ஏனென்றால் அவர் கடிதத்தை முழுசாகப் படிக்கிறார், வேண்டிய வரியை மட்டும் உருவுவதில்லை. இருவரும் காட்டும் அடிக்குறிப்புகளைப் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒரே கடிதம் இரண்டிலும் வரும் இடத்தில் உங்கள் ஆய்வு தொடங்கலாம்.

தால்முத்தை விற்றுவிடாதீர்கள். கோல்ட்பெர்க் உங்களை அந்த நீதிமன்றத்துக்குள் கூட்டிப் போகும்போது அது தேவைப்படும்.