ஸ்டென்ட் வைத்த பைபாஸ் குழாயில் மறுபடி ரத்தக்கட்டி. உறிஞ்சி எடுத்தால் என்ன சிக்கல் வரும்?

உங்கள் அப்பாவின் ஆஞ்சியோ படத்தை நான் பார்க்கவில்லை. சிங்கப்பூரில் கேத் லேப் (ஆஞ்சியோ செய்யும் அறை) தாதியாக இருந்தவள் என்ற அளவில் சொல்கிறேன், முடிவு டாக்டருடையது.

கட்டியை எடுப்பதைவிட, எடுக்கும்போது உதிர்வது எங்கே போகிறது என்பதுதான் எங்கள் கவலையாக இருக்கும். பைபாஸுக்காகக் காலிலிருந்து எடுத்து வைத்த குழாய்களில் பாதிக்குப் பாதி, 10 வருடத்துக்குள் கெட்டுவிடும். உள்ளே படிந்த கொழுப்பு பழைய சுவரின் சுண்ணாம்பு மாதிரி, தொட்டாலே உதிரும். அந்தத் தூள் கீழே போய் நுண்குழாய்களை அடைத்தால், பெரிய குழாய் திறந்திருந்தும் இதயத் தசைக்கு ரத்தம் போகாது. ரத்த அழுத்தம் சட்டென்று விழும். அடினோசின், வெரபமில் போன்ற, நுண்குழாய்களை விரிக்கும் மருந்துகளைக் குழாய்க்குள்ளேயே செலுத்துவார்கள். சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது.

தூளைப் பிடிக்க பலூனோ வடிகட்டியோ வைப்பதுண்டு. 2002-இல் வெளியான சேஃபர் ஆய்வில், பலூன் வைத்தவர்களுக்கு 30 நாளுக்குள் வந்த பெரிய பாதிப்புகள் 16.5 சதவீதத்திலிருந்து 9.6 ஆகக் குறைந்தன. ஆனால் வடிகட்டியைத் திரும்ப எடுக்கும்போது ஸ்டென்ட் வழியாகத்தானே வர வேண்டும்? கம்பிகளில் மாட்டிக்கொள்ளலாம். பலமாக இழுத்தால் ஸ்டென்ட் நசுங்கும், குழாய் கிழியவும் கூடும். அபூர்வம்தான், ஆனால் நடந்தால் லேபே அமைதியாகிவிடும்.

நீரைப் பீய்ச்சி உறிஞ்சும் கருவியென்றால் இதயத்துடிப்பு மிகவும் குறையலாம், அதனால் தற்காலிக பேஸ்மேக்கர் தயாராக இருக்கும். சிவப்பணுக்கள் உடைந்து சிறுநீர் சிவப்பாகப் போவதும் உண்டு. குடும்பத்தார் ரத்தம் என்று பதறுவார்கள். பெரும்பாலும் தானாகத் தெளியும், ஆனால் சிறுநீரகத்தைக் கவனிக்க வேண்டும்.

உறிஞ்சுகுழாயை வெளியே இழுக்கும்போது துணுக்கு நழுவி மூளைக்குப் போனால் பக்கவாதம். 2015-இன் டோட்டல் ஆய்வில், மாரடைப்புக்கு உறிஞ்சி எடுத்தவர்களில் 0.7 சதவீதத்தினருக்கும், எடுக்காதவர்களில் 0.3 சதவீதத்தினருக்கும் 30 நாளுக்குள் பக்கவாதம் வந்தது. பைபாஸ் ஆனவர்களை அதில் சேர்க்கவில்லை, எனவே அந்த எண் அப்பாவுக்கு அப்படியே பொருந்தாது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் டாக்டரிடம் முதலில் கேட்பது: இந்தக் குழாயை விட்டுவிட்டு, இதயத்தின் சொந்த ரத்தக்குழாயையே திறக்க வழி உண்டா? சிலருக்கு அது பொருந்தும், சிலருக்குப் பொருந்தாது.

அப்புறம், ரத்தம் கட்டாமல் இருக்கத் தரும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் மாத்திரைகளை அப்பா இடையில் நிறுத்தினாரா? பல் பிடுங்கவோ, ஊருக்குப் போனபோது மறந்தோ, எதுவானாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். திட்டுவார்களோ என்று மறைக்க வேண்டாம்.