தோட்டத்து வீட்டில் ஒரு பள்ளிக்கூடம்

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

வணக்கம். காங்கயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவே எங்கள் தோட்டம் இருக்கிறது. திருப்பூரில் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்துவிட்டு, சென்ற ஆண்டு குடும்பத்தோடு இங்கேயே வந்துவிட்டோம். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஆறு. காலை ஏழு மணிக்குப் பள்ளி வேன் வந்துவிடும். வீடு திரும்ப மாலை ஆறாகிவிடும். அதன்பின் வீட்டுப்பாடம். ஞாயிற்றுக்கிழமை மாலையானால் மகளுக்கு வயிற்றுவலி வருகிறது. உடம்பில் ஒன்றுமில்லை என்கிறார் மருத்துவர். பக்கத்தில் ஊராட்சி ஒன்றியப் பள்ளி இருக்கிறது, ஆனால் அது எங்களுக்குச் சரிப்பட்டு வராது.

வரும் ஜூன் முதல் இரண்டு பேருக்கும் வீட்டிலேயே கற்பிப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். ஓர் அறையை ஒழித்துக் கரும்பலகை மாட்டியாகிவிட்டது. என் மனைவி பி.எட். முடித்தவர், வேலையை விட்டுவிடுவார். சட்டச் சிக்கல் வருமா? எந்தப் பாடத்திட்டம் நல்லது? தமிழிலா, ஆங்கிலத்திலா? உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்ட ஜி.டி.நாயுடு நம் கோயம்புத்தூர்க்காரர்தானே, நாம் ஏன் பயப்பட வேண்டும் என்று நினைக்கிறேன். உங்கள் கருத்தை எழுதுங்கள். பெயரை வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பிக்கு,

இப்படிப்பட்ட கடிதங்களுக்கு வழக்கமாகத் தனியே நாலு வரி எழுதி அனுப்பிவிடுவேன். உங்களுக்குப் பொதுவில் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. சென்ற மாதம் ஒரு துக்கம் விசாரிக்க ஊருக்குப் போனபோது, நான் படித்த தொடக்கப்பள்ளிக்குள் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன். அன்றிலிருந்து மனதில் ஓடிக்கொண்டிருப்பதை உங்கள் கடிதம் கிளறிவிட்டது.

கேட்டவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் சொல்லவில்லை. வீட்டுக்கல்வியை அனுமதிக்கிறேன் என்றும் அதில் இல்லை, தடுக்கிறேன் என்றும் இல்லை. உங்கள் முயற்சி சரிவராமல் போனால், அதே சட்டப்படி வயதுக்கேற்ற வகுப்பில் பிள்ளையைச் சேர்க்கலாம். தேர்வுக்கு வழி இருக்கிறது. பன்னிரண்டரை வயது நிறைந்தால் தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் 14 வயதில் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். ஆனால் அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு 2020 முதல் மருத்துவப் படிப்பில் இருக்கும் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு உங்கள் பிள்ளைகளுக்குக் கிடைக்காது. இப்போது படிக்கும் தனியார் பள்ளியிலும் கிடைக்கப்போவதில்லை என்பதால் உங்களுக்கு அது ஒரு இழப்பாகத் தெரியாது. பாடத்திட்டத்தைப் பற்றி இவ்வளவு கவலை எதற்கு? ஒன்பது வயதுப் பிள்ளைக்கு எந்தப் பாடத்திட்டமும் போதும். அலமாரியில் வைக்க ஒன்று வேண்டுமென்றால், நம் மண்ணின் பெரியசாமித் தூரன் பதிப்பித்த குழந்தைகள் கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளைத் தேடி வாங்குங்கள். பழைய தகவல்கள்தான், ஆனால் ஒரு குழந்தையிடம் எவ்வளவு மரியாதையாகப் பேச முடியும் என்பதை அவற்றில் பார்க்கலாம்.

ஜி.டி.நாயுடுவை விட்டுவிடுங்கள். பள்ளிக்கு முழுக்குப் போட நினைக்கும் ஒவ்வொருவரும் அவரைத்தான் சாட்சிக்கு இழுக்கிறார்கள். அவர் பள்ளியை விட்டார், உண்மை. விட்டபின் தோட்டத்து வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தாரா? மோட்டார் சைக்கிள் வாங்குவதற்காகக் கோயம்புத்தூர் வந்து ஓட்டலில் பரிமாறினார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டார். முன்பின் அறியாத நூறு பேரோடு புழங்கித்தான் தொழிலைக் கற்றார். அப்படிப்பட்டவர் வசதி வந்ததும் என்ன செய்தார்? 1945-இல் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கக் கோயம்புத்தூரில் முன்னின்றார். கற்பிக்கும் முறையோடுதான் அவருக்குச் சண்டை. பிள்ளைகள் ஓரிடத்தில் கூடிக் கற்பது வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.

உங்கள் மகளின் வயிற்றுவலியை நான் முழுவதும் நம்புகிறேன். அதற்கு மருந்தே தேவையில்லை, அந்த வேன் நின்றால் போதும். நாமக்கல், ஈரோடு, திருப்பூர் என்று நம் பக்கம் முழுவதும் மதிப்பெண்ணுக்காகப் பிள்ளைகளைப் பிழிந்தெடுக்கும் ஒரு தொழில் வளர்ந்து நிற்கிறது. அதிலிருந்து பெண்ணை மீட்க வேண்டும் என்று ஒரு தகப்பனுக்குத் தோன்றியதே பெரிய காரியம். அதற்காக உங்களைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது. சண்டை அதற்கு அடுத்த வரியில்தான்.

‘பக்கத்தில் ஊராட்சி ஒன்றியப் பள்ளி இருக்கிறது, ஆனால் அது எங்களுக்குச் சரிப்பட்டு வராது.’ இவ்வளவு நீளக் கடிதத்தில் காரணம் எழுதாமல் விட்ட வரி இது ஒன்றுதான். வேன் வரும் நேரத்தை எழுதியிருக்கிறீர்கள், கரும்பலகை மாட்டியதை எழுதியிருக்கிறீர்கள். ஏன் சரிப்பட்டு வராது என்பதை மட்டும் நான் புரிந்துகொள்வேன் என்று விட்டுவிட்டீர்கள். நானும் அதே மண்ணில் பிறந்தவன். புரிகிறது. புரிவதால்தான் கோபம் வருகிறது.

நான் போய் உட்கார்ந்த பள்ளியைப் பற்றிச் சொல்கிறேன். ஓடு வேய்ந்த பழைய கட்டடம் போய்விட்டது. கழிப்பறை இருக்கிறது, குழாயில் தண்ணீர் வருகிறது. தொடக்கப்பள்ளிகளுக்கு வந்திருக்கும் காலைச் சிற்றுண்டி அங்கும் உண்டு. இரண்டு ஆசிரியைகளும் பிள்ளைகளைப் பெயர் சொல்லி மடியில் இழுத்து வைத்துக்கொள்கிறார்கள். மொத்தமே பதினான்கு பிள்ளைகள். அதில் இரண்டு பேர் நூற்பாலை வேலைக்கு ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகள். மீதி அத்தனை பேரும் அருந்ததியர் காலனிப் பிள்ளைகள். தோட்டங்களிலிருந்து ஒரு பிள்ளைகூட இல்லை. தோட்டத்துப் பிள்ளைகளை எல்லாம் விடியற்காலையில் வேன்கள் அள்ளிக்கொண்டு போகின்றன. ஆங்கிலத்துக்காக அனுப்புகிறோம் என்று சொல்லிக்கொள்கிறார்கள். பாதிதான் உண்மை.

எங்கள் காலத்தில் வேன் கிடையாது. எழுபதுகளின் தொடக்கம். மேய்ச்சல் நிலமான கொறங்காட்டைக் குறுக்கே கடந்து, கிளுவை வேலி ஓரமாக நடந்துதான் பள்ளிக்குப் போவோம். நம் ஊர்களின் அமைப்பு உங்களுக்குத் தெரியும். காட்டுக்கு நடுவே ஒரு வீடு, கூப்பிட்டால் கேட்காத தூரத்தில் அடுத்த வீடு. தோட்டத்தில் பிறந்த பிள்ளைக்கு அய்யன், ஆத்தா, தாத்தாவான அப்பாரு, பட்டி ஆடுகள், நாய் ஆகியவற்றைத் தவிர உலகமே கிடையாது. ஆறு வயதில் பள்ளிக்குப் போனபோதுதான் என் உறவுக்காரன் அல்லாத இன்னொரு பையனை முதன்முதலாகப் பக்கத்தில் பார்த்தேன். அவனுடைய அப்பா, மாடு கட்டிக் கிணற்று நீர் இறைக்கும் எங்கள் தோட்டத்துக் கவலைக்குத் தோல் தைத்துக் கொடுப்பவர். எங்கள் கிணற்றுக்கு அப்போது இன்னும் மோட்டார் வரவில்லை.

சிலேட்டுத் துடைக்கக் கோவை இலை எந்த வேலியில் கிடைக்கும் என்பது அவனுக்குத் தெரியும். எனக்கு வாய்ப்பாடு தெரியும். அந்தப் பண்டமாற்றில் தொடங்கிய நட்பு. மதியம் கோதுமை உப்புமா போடுவார்கள். என் தட்டில் விழுந்த கட்டியை எடுத்து அவன் தின்பான், அவன் தட்டில் அடிப்பிடித்த காந்தலை நான் தின்பேன். ஒரு சனிக்கிழமை அவன் தன் அப்பாவோடு எங்கள் தோட்டத்துக்கு வந்தான். வாசலுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் நின்றார்கள். தண்ணீர் கேட்டார்கள். எங்கள் ஆத்தா சொம்போடு போய், எட்ட நின்று உயரத்திலிருந்து ஊற்றினார். அவன் அப்பா குனிந்து இரண்டு கைகளையும் குவித்துக் குடித்தார். அடுத்து அவன் குனிந்தான். தண்ணீர் முழங்கை வழியாக ஓடி அவன் கால்சட்டையை நனைத்தது. குடித்து முடித்து நிமிரும்போது, திண்ணையில் நின்ற என்னைப் பார்த்தான். நான் பார்த்ததையும் பார்த்துவிட்டான்.

திங்கட்கிழமை அவன் இரண்டு பேர் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டான். டீச்சர் நாகர்கோவில் பக்கத்துக்காரர். எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. எங்கள் இருவரையும் எழுப்பி, கரும்பலகைக்குக் கரி பூசச் சொன்னார். அடுப்புக்கரியையும் ஊமத்தை இலையையும் ஒரே கல்லில் வைத்து மாறி மாறி அரைத்தோம். பச்சைச் சாறு கரியில் கலந்து இருவர் கையிலும் முழங்கை வரை வழிந்தது. மதியம் உப்புமா வந்தபோது அவன் பழைய இடத்துக்கே வந்துவிட்டான்.

எங்கள் ஆத்தாவைப் போல அன்பான மனுஷி எங்கள் குடும்பத்தில் இல்லை. ஆட்டுக்குட்டிக்குக் காய்ச்சல் என்றாலும் இரவெல்லாம் விழித்திருப்பார். அவர் கையால் வளர்ந்த எனக்கு, அவர் ஊற்றிய தண்ணீரில் ஒரு கொடுமை இருந்தது என்பதை அந்த வீட்டில் யார் சொல்லிக் கொடுத்திருக்க முடியும்? பெற்றவர்களுக்கே அது தெரியாது. பள்ளியில் ஒரு தட்டில் தின்றதால்தான் தெரிந்தது. வீடு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தன்னிடம் இருப்பதைத்தான் கற்பிக்கும். நம் பக்கத்து வீடுகளில் அன்போடு சேர்த்துச் சாதியும் இருக்கிறது.

பள்ளியிலும் சாதி இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. 2018-இல் அவினாசிக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில், சத்துணவு சமைத்த பெண் தலித் என்பதற்காகப் பெற்றோர்கள் திரண்டு வந்து தகராறு செய்தார்கள். அவரை இடம் மாற்றினார்கள், எதிர்ப்புக் கிளம்பிய பின் மாற்றத்தை ரத்து செய்தார்கள். நம் தலையில் விழுந்த அவமானம் அது. ஆனால் யோசித்துப் பாருங்கள், அந்தச் சண்டை ஏன் வந்தது? அந்த அம்மாள் எல்லாப் பிள்ளைகளுக்கும் சமைக்கும் உரிமையோடு நுழைய முடிந்த இடம் பள்ளி. அவரை எதிர்த்தவர்களின் வீடுகளில் சண்டையே வராது. அங்கே அவர் அடுப்படி வரை போகவே முடியாது.

பழைய வழக்கு ஒன்றையும் நினைத்துக்கொள்கிறேன். 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக்கல்வித் திட்டத்தில் பள்ளி மூன்று மணி நேரம். மீதி நேரம் வீட்டில் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும். குலக்கல்வி என்று பெரியார் எதிர்த்தார். மறு ஆண்டே ராஜாஜி பதவி விலகினார், காமராஜர் வந்தார், திட்டம் கைவிடப்பட்டது. அப்போது கல்வி அமைச்சராக இருந்தவர் பொள்ளாச்சிப் பக்கத்துச் சி.சுப்பிரமணியம். அத்திட்டம் நின்றிருந்தால் என் நண்பன் மதியத்துக்கு மேல் வேப்பமரத்தடியில் தோல் தைத்திருப்பான். நான் அப்பாருவோடு பருத்தி நிறுத்திருப்பேன். அவன் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றுவிட்டான். இன்றைக்கும் என்னை வாடா போடா என்று கூப்பிடும் ஆட்களில் அவன் ஒருவன்.

உங்கள் வீட்டு அறையில் யார் வந்து உட்காரப்போகிறார்கள், தம்பி? மகளும் மகனும். அதிகம் போனால் மச்சான் பிள்ளைகள் இரண்டு பேர். எல்லோரும் ஒரே கோயிலுக்குப் பங்காளிகள், இல்லாவிட்டால் மாமன் மச்சான். பதினெட்டு வயது வரை அந்தப் பெண் கை நீட்டித் தொட்ட மனிதர்கள் எல்லாம் அவளுக்கு உறவுமுறையாகவே இருப்பார்கள். அப்படி வளர்ந்த பிள்ளை எத்தனை மொழி பேசினாலும் எத்தனை இசைக்கருவி வாசித்தாலும் எனக்கு மகிழ்ச்சி வராது.

இன்னொன்று. ‘என் மனைவி வேலையை விட்டுவிடுவார்.’ இதை எழுதும்போது உங்கள் கை கொஞ்சமாவது நின்றதா? கரும்பலகைக்கு எவ்வளவு இடமோ அவ்வளவு இடம்தான் கடிதத்தில் அவருக்குக் கொடுத்திருக்கிறீர்கள். தோட்டத்து வீட்டில் சமையல், பால் கறவை, வருகிறவர் போகிறவருக்கு இலை போடுவது, இதற்கு மேல் நாள் முழுவதும் இரண்டு வயதுப் பிரிவுகளுக்கு ஆசிரியை. பத்து மணிக்கு எருவு லோடு வந்து நின்றால் பாடம் நிற்கும். உறவினர் வந்தால் பாடம் நிற்கும். அதன்பின் மகளுக்குக் கணக்கு வரவில்லை என்றால் பழி அவர் தலையில் விழும். வீட்டுக்கல்வியைச் சிறப்பாக நடத்தும் குடும்பங்களும் உண்டு. அங்கெல்லாம் தகப்பனும் ஒரு வேலையையாவது விட்டிருப்பான். நீங்கள் எதை விடுகிறீர்கள்?

நான் சொல்வது இதுதான். கோடை விடுமுறை தொடங்கும் முன் உங்கள் ஊர் ஒன்றியப் பள்ளிக்கு ஒரு நாள் போங்கள். நடந்தே போங்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். தலைமையாசிரியரிடம் பேசுங்கள். மதியச் சாப்பாட்டை அங்கேயே சாப்பிடுங்கள். மூன்றரை, நாலு மணிக்கெல்லாம் பள்ளி விட்டுவிடும். அதற்குப் பின் இருட்டும் வரை உங்கள் மகள் உங்கள் கையில்தான் இருப்பாள். நீங்கள் ஆசைப்படும் அத்தனையையும் அந்த மூன்று மணி நேரத்தில் கற்றுக்கொடுங்கள். ஒழித்த அறையும் கரும்பலகையும் அப்படியே இருக்கட்டும். மாலையில் காலனிப் பிள்ளைகள் நாலு பேரை அழைத்து அதே அறையில் சேர்ந்து உட்கார வையுங்கள். உறவினர்கள் பயமுறுத்துவதாக எழுதியிருந்தீர்களே, அன்றைக்கு அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பாருங்கள். அதைத் தாங்கும் தைரியம் உங்களுக்கு உண்டு என்றுதான் உங்கள் கடிதத்திலிருந்து நினைக்கிறேன்.

இவ்வளவுக்குப் பிறகும் வீட்டிலேயே கற்பிப்பது என்று முடிவெடுத்தால் நான் உங்களைத் தள்ளிவிட மாட்டேன். என்ன உதவி வேண்டுமானாலும் எழுதுங்கள். ஆனால் அந்தப் பெண்ணின் வயிற்றுவலியை ஜூன் வரைக்கும் தள்ளிப்போட வேண்டாம். இந்தத் திங்கட்கிழமையே வேனைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். ஆண்டுத்தேர்வு போனால் போகட்டும். எட்டாம் வகுப்பு வரை எந்தப் பிள்ளையின் தலையும் அதனால் போய்விடாது.

உங்கள் துணைவியாரையும் எனக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். நீங்கள் படித்துப் பார்க்காமல் அனுப்பட்டும்.