பஞ்சு மிட்டாய் மணக்கும் பெர்ஃப்யூம்

கேள்வி: ஏஞ்சல் பெர்ஃப்யூம் பரிசாக வந்தது. நாலு முறை அடித்தால் தலை வலிக்கிறது. எப்படிப் போடுவது? எப்படிப்பட்டவர்களுக்குப் பொருந்தும்?
- வாசகி, மதுரை

பதில்: அளவுதான் கூடிவிட்டது. 1992-ல் முக்ளேர் என்ற பிரெஞ்சு ஃபேஷன் நிறுவனம் வெளியிட்ட இதில் மிட்டாய் வாசனை தருவது எத்தில் மால்ட்டால் என்ற செயற்கை மணப்பொருள். கூடவே பச்சோலி என்ற செடியின் இலையிலிருந்து எடுக்கும் எண்ணெயின் மண்வாசனையும் தாராளம். இரண்டும் மெல்லத்தான் ஆவியாகும். வெயில் ஏறினால் பொங்கித் திகட்டும். பகலில் ஒரே ஒரு முறை, ஒரு சாண் தள்ளிப் பிடித்து, முழங்காலின் பின்புறம் அடியுங்கள். கழுத்து வேண்டாம், மூக்குக்கு மிக அருகில். வெளிர்நிறத் துணியில் படவே கூடாது. இதிலுள்ள வெனிலின், அதாவது வெனிலா மணம் தரும் பொருள், நாளடைவில் பழுப்புக் கறையாகும்.

பச்சோலி இல்லாவிட்டால் இது வெறும் தின்பண்டம். சிரித்துப் பேசி, வயிறாரச் சோறு போட்டு, தன் முடிவிலிருந்து மட்டும் இம்மியும் நகராத பெண்ணைத்தான் இந்த வாசனை நினைவூட்டுகிறது.