கழுத்துத் தமனி அறுவைக்குப் பிறகு இரத்தக்கசிவு: வாசகர் கேள்விகள்

அப்பாவுக்கு நேற்று கரோட்டிட் தமனி அடைப்பை எடுத்தார்கள். தையலைச் சுற்றி நீலம் பாய்ந்திருக்கிறது. பயப்பட வேண்டுமா?

நிறம் மாறி, தொட்டால் மெத்தென்று இருந்து, மெல்லக் காரை எலும்புப் பக்கம் இறங்கினால் பயமில்லை. இரண்டு வாரத்தில் மஞ்சளாகி மறைந்துவிடும். வீக்கம் கெட்டிப்பட்டுப் பெரிதாவதுதான் ஆபத்து. பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள், அதிலும் முதல் சில மணி நேரத்திலேயே வரும்.

உடலிலிருந்து போகும் இரத்தம் கொஞ்சம்தான், அடிபடுவது மூச்சு. தேங்கிய இரத்தம் சிரைகளை நெரிப்பதால் குரல்வளை உள்ளுக்குள்ளேயே வீங்குகிறது. குரல் புதிதாகக் கம்முவது, எச்சிலை விழுங்க முடியாமல் துப்புவது, படுக்க மாட்டேன் என்று எழுந்து உட்காருவது, இவைதான் முதல் அடையாளம். ஆக்சிஜன் அளவு பார்க்க விரலில் மாட்டிய கருவி அப்போதும் 98 காட்டலாம். அதை நம்பிக் காத்திருக்காமல் நர்ஸைக் கூப்பிடுங்கள். மூச்சு முட்டினால் கட்டிலிலேயே தையலைப் பிரித்து இரத்தக்கட்டை வெளியேற்றுவார்கள். பார்க்கப் பதறும், ஆனால் உயிரைக் காப்பது அதுதான், தடுக்காதீர்கள்.

காயத்திலிருந்து குழாய் வழியே கசிவு வந்து சேரும் டிரெய்ன் பாட்டிலில் ஒன்றுமே சேரவில்லை. உள்ளே கசிவில்லை என்றுதானே அர்த்தம்?

இல்லை. உறைந்த இரத்தம் குழாயையே அடைத்துவிடும். பாட்டிலை அல்ல, கழுத்தைப் பாருங்கள்.

ஆஸ்பிரினால்தான் கசிகிறது என்கிறார்கள். நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்தவே கூடாது. அடைத்திருந்த படிவைச் சுரண்டி எடுத்த தமனியின் உட்சுவர் இப்போது பச்சைப்புண். இரத்தத் தட்டணுக்கள் அதில் ஒட்டிக் கட்டியாகி மூளைக்குப் போனால் பக்கவாதம். ஆஸ்பிரினின் வேலை தட்டணுவின் ஆயுள் முழுக்க, 7 முதல் 10 நாள் வரை நிற்கும். இன்று நிறுத்தினால் இன்றைய கசிவு நிற்காது. தட்டணுக்கள் ஒட்டாமல் தடுக்கும் இன்னொரு மருந்தான குளோபிடோக்ரெலும் சேர்ந்திருந்தால் கசிவு கூடும். எதை வைப்பது, எதை எடுப்பது என்று அறுவை செய்தவர்தான் சொல்ல வேண்டும். வலிக்குப் பாராசிட்டமால் போதும். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வேண்டாம்.

வீடு திரும்பி ஐந்தாம் நாள். அறுவை செய்த பக்கமே தலை இடிக்கிறது, பிரஷர் 180/100.

உடனே சிடி ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்குப் போங்கள், இரவானாலும். அடைப்பு இருந்த காலத்தில் அந்தப் பக்கத்து மூளை நாளங்கள் குறைந்த ஓட்டத்துக்குப் பழகி விரிந்தே கிடந்தவை. இப்போது முழு அழுத்தமும் பாயும்போது சுருங்கித் தாங்கத் தெரியவில்லை. அடுத்து வலிப்பு, மூளைக்குள் இரத்தக்கசிவு என்று போகலாம். முதல் வாரத்தில் அதிகம், நான்கு வாரம் வரை வரலாம். தலைவலி மாத்திரை போட்டுத் தூங்க வேண்டாம். பிரஷர் மாத்திரையை நாக்கடியில் வைத்துச் சட்டென இறக்குவதும் தவறு; மூளைக்குப் போகும் ஓட்டமே குறைந்துவிடும்.

ஆறு மாதம் கழித்துத் தழும்பில் சிறு கொப்புளம், நீர் கசிகிறது.

பிதுக்காதீர்கள். தமனியில் செயற்கை ஒட்டு வைத்திருந்தால் அந்த ஒட்டு வரைக்கும் சீழ் பிடித்திருக்கலாம். தையல் விட்டால் இரத்தம் பீறிடும். அறுவை செய்தவரிடம் இன்றே காட்டுங்கள். துடிக்கும் வீக்கமோ சிவப்புக் கசிவோ இருந்தால் விரலால் அழுத்திப் பிடித்தபடி 108-ஐ அழையுங்கள்.