கியாரி அறுவை சிகிச்சை: முன்னும் பின்னும்

சிறுமூளையின் அடிநுனி கழுத்துக்குள் இறங்கிவிடும் கியாரி குறைபாட்டையும், அதற்காகப் பின்மண்டையில் செய்யப்படும் அழுத்தக் குறைப்பு அறுவை சிகிச்சையையும் பற்றி வாசகர்கள் கேட்டிருந்த கேள்விகளுக்கு, மூளை நரம்பியல் அறுவை சிகிச்சை மருத்துவர் ஒருவர் பதில் அளிக்கிறார்.

கேள்வி: என் வயது 38. இருமினாலும் தும்மினாலும் பிடரியில் தாங்க முடியாத வலி வந்து, சில நொடிகளில் அடங்குகிறது. வலது கையில் சூடு உறைப்பதில்லை. தோசைக்கல்லில் பட்டுக் கொப்புளம் வந்த பிறகுதான் கவனிக்கிறேன். ஸ்கேனில் ‘கியாரி, முதல் வகை, தண்டுவடத்தில் நீர்க்குழி’ என்று எழுதியிருக்கிறார்கள். ஆபரேஷன் செய்ய வேண்டும் என்கிறார் மருத்துவர். மூளையை வெட்டுவார்களா? செய்தால் எல்லாம் சரியாகிவிடுமா?
– ஒரு வாசகி, தென்காசி

பதில்: மண்டையோட்டின் அடியில், மூளை முடிந்து தண்டுவடம் தொடங்கும் இடத்தில் ஒரு பெரிய துளை இருக்கிறது. சிறுமூளையின் கீழ் நுனிகள் அந்தத் துளைக்கு மேலேயே நிற்க வேண்டும். உங்களுக்கு அவை கீழே இறங்கியிருக்கின்றன. பிராக் நகரில் பணியாற்றிய ஹான்ஸ் கியாரி என்ற ஆஸ்திரிய மருத்துவர் 1891இல் இதை விவரித்து எழுதியதால் அவர் பெயரிலேயே வழங்கி வருகிறது. பின்மண்டையின் எலும்புக் குழி பிறவியிலேயே சற்றுச் சிறியதாக அமைந்துவிடுவதே பெரும்பாலும் இதற்குக் காரணம். நீங்கள் செய்த எதனாலும் வந்ததல்ல.

ஒவ்வொரு இதயத் துடிப்பின்போதும், மூளையைச் சுற்றியுள்ள நீர் தலைக்கும் முதுகுக்கும் இடையே சிறிதளவு போய் வருகிறது. இறங்கிய நுனிகள் அந்த வழியைத் தக்கை போல அடைத்துக்கொள்வதால், இருமும்போது உயரும் அழுத்தம் உடனே தணிய முடியாமல் பிடரியில் வலியாகத் தெரிகிறது. நாளடைவில் தண்டுவடத்தின் நடுவில் நீர் சேர்ந்து குழியாகிறது. சூட்டையும் வலியையும் கொண்டுசெல்லும் நரம்பிழைகள் தண்டுவடத்தின் நடுவில்தான் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் கடக்கின்றன. அதனால் அவைதாம் முதலில் பாதிக்கப்படும். தொட்டால் தெரிகிறது, சுட்டால் தெரியவில்லை என்று நோயாளிகள் சொல்வது இதனால்தான்.

அறுவை சிகிச்சையில், பின்மண்டையிலிருந்து மேல்கழுத்து வரை நேர்க்கோடாகத் திறந்து, தசைகளை விலக்கி, துளையின் பின்விளிம்பில் ஏறக்குறைய 3 செ.மீ. அகல எலும்பையும், கழுத்தின் முதல் முள்ளெலும்பின் பின்வளைவையும் எடுத்துவிடுவார்கள். பிறகு மூளையை மூடியிருக்கும் தடித்த உறையைத் திறந்து, அங்கே ஓர் ஒட்டுத்துணுக்கை வைத்துத் தைத்து உறையை அகலப்படுத்துவார்கள். சில நேரங்களில், குறிப்பாக நீர்க்குழி இல்லாத குழந்தைகளுக்கு, உறையைத் திறக்காமல் எலும்போடு நிறுத்திக்கொள்வதும் உண்டு. அதில் நீர்க்கசிவு ஆபத்து குறைவு, ஆனால் மறுபடியும் அறுவை தேவைப்படும் வாய்ப்பு கூடுதல். மூளையை வெட்டுவது இதன் நோக்கமல்ல. தேவைப்பட்டால், இறங்கிய நுனிகளை மின்சூட்டால் சற்றுச் சுருக்குவது உண்டு.

எல்லாம் சரியாகுமா என்பதற்கு ஒரே சொல்லில் பதில் இல்லை. இருமினால் வரும் பிடரி வலிதான் இந்தச் சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படுகிறது. நீர்க்குழி பெரும்பாலோருக்கு மாதக்கணக்கில் மெல்லச் சுருங்கும். ஆனால் உங்கள் கையில் போன சூட்டுணர்வு முழுதாகத் திரும்பும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். அது மேலும் பரவாமல், விரல்களின் பலம் குறையாமல் தடுப்பதே அங்கே கிடைக்கும் பலன். நாள் முழுவதும் மந்தமாக நீடிக்கும் தலைவலி, ஒற்றைத் தலைவலி, அசதி ஆகியவை கியாரியால் வந்தவை என்று உறுதி இல்லை. ஆகையால் அவை போகாமலும் இருக்கலாம். உங்கள் தொல்லைகள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய், ‘இவற்றில் எது போகும், எது குறையும், எது அப்படியே இருக்கும்?’ என்று மருத்துவரிடம் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அறுவைக்குப் பின் மனம் வெறுத்துப்போகிறவர்களில் பலரிடம் ஆபரேஷனில் குறை இருப்பதில்லை. முன்பே இந்தப் பேச்சு நடக்கவில்லை என்பதுதான் குறை. அதுவரை அடுப்பு வேலையை இடது கையால் செய்யுங்கள்.

கேள்வி: கீழே விழுந்த என் மகனுக்கு எடுத்த ஸ்கேனில், சிறுமூளை 6 மி.மீ. இறங்கியிருப்பதாக வந்தது. அவனுக்கு ஒரு தொல்லையும் இல்லை. இப்போதே ஆபரேஷன் செய்துவிடலாமா?
– ஒரு தந்தை, சேலம்

பதில்: வேண்டாம். 5 மி.மீ.க்கு மேல் இறங்கினால் கியாரி என்று எழுதுவது வழக்கம், அவ்வளவுதான். எத்தனை மில்லிமீட்டர் என்பதற்கும் தொல்லையின் அளவுக்கும் நேரான தொடர்பு இல்லை. முதுகுத்தண்டு முழுவதற்கும் ஒரு முறை எம்.ஆர்.ஐ. எடுத்து, நீர்க்குழியோ முதுகு வளைவோ இல்லை என்று தெரிந்துகொண்டு, மருத்துவர் சொல்லும் இடைவெளியில் காட்டிவந்தால் போதும்.

கேள்வி: ஒரு மருத்துவர் எலும்பை எடுத்தால் போதும் என்கிறார், இன்னொருவர் கழுத்தில் ஸ்க்ரூ பொருத்த வேண்டும் என்கிறார். யாரை நம்புவது?
– ஒரு வாசகர், புதுச்சேரி

பதில்: இருவரும் எந்தப் படத்தைப் பார்த்துச் சொன்னார்கள் என்று கேளுங்கள். கழுத்தின் இரண்டாம் முள்ளெலும்பு மேலேறி மூளைத்தண்டை முன்னாலிருந்து அழுத்துவதும், முதல் இரண்டு முள்ளெலும்புகள் ஒன்றின்மேல் ஒன்று நழுவுவதும் நம் நாட்டில் அரிதல்ல. அத்தகையவர்களுக்குப் பின்னால் எலும்பை எடுத்தால் மட்டும் போதாது. முள்ளெலும்புகளை இணைத்து நிலைப்படுத்தியாக வேண்டும். இது தெரிய எம்.ஆர்.ஐ. தவிர, கழுத்தைக் குனிந்தும் நிமிர்ந்தும் எடுத்த எக்ஸ்ரேயும், மண்டையோடும் கழுத்தும் இணையும் பகுதியின் சி.டி. ஸ்கேனும் வேண்டும். மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் பணியாற்றிய மூளை அறுவை சிகிச்சை மருத்துவர் அதுல் கோயல், நழுவல் கண்ணுக்குத் தெரியாதவர்களிலும் கியாரிக்கு அடிப்படை அந்த முதல் இரண்டு முள்ளெலும்புகளின் மூட்டில் உள்ள உறுதியின்மையே என்ற கருத்தை 2015இல் முன்வைத்தார். அதை ஏற்பவர்களும் மறுப்பவர்களும் இருக்கிறார்கள். நழுவல் தெளிவாக இல்லாத முதல் வகைக் கியாரிக்கு, அழுத்தக் குறைப்பே பெரும்பான்மையோர் கைக்கொள்ளும் வழி; என் நிலையும் அதுவே. ஸ்க்ரூ பொருத்திய பின் தலையை இருபுறமும் திருப்பும் அளவு வெகுவாகக் குறைந்துவிடும் என்பதையும் எடைபோட வேண்டும்.

கேள்வி: என் மனைவிக்கு அடுத்த மாதம் இந்த அறுவை சிகிச்சை. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். ஒரு லேகியமும் எடுத்துவருகிறார். மொட்டை அடிப்பார்களா என்று தினமும் கேட்கிறார். அரசு மருத்துவமனையில் செய்துகொள்ளலாமா?
– ஒரு கணவர், திருவாரூர்

பதில்: மாத்திரைகளையும் லேகிய டப்பாவையும் ஒரு பையில் போட்டு, மயக்க மருந்து மருத்துவரிடம் அப்படியே காட்டுங்கள். பெயர் சொல்லிப் புரியவைப்பதைவிட இது மேல். இரத்த அழுத்த மாத்திரைகளில் பலவற்றை அன்று காலை ஒரு வாய்த் தண்ணீரோடு கொடுப்பார்கள், சிலவற்றை நிறுத்துவார்கள். சர்க்கரை மாத்திரைகளில் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை இருந்தால், அவற்றை மூன்று நாள்களுக்கு முன்பே நிறுத்த வேண்டியிருக்கும் என்பதால் உடனே சொல்லிவிடுங்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளையும் முன்கூட்டியே நிறுத்துவது உண்டு. ஆனால் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் இதய மருத்துவரைக் கேட்காமல் தாமாக நிறுத்தக் கூடாது. லேகியத்தில் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத நிலையில், இரண்டு வாரங்களுக்கு முன்பே அதை நிறுத்தச் சொல்வது என் வழக்கம். இரவில் குறட்டை விட்டு, இடையில் மூச்சு நின்று நின்று வருமானால் அதையும் மறைக்காதீர்கள். கியாரி உள்ளவர்களுக்குத் தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவது உண்டு.

முழு மொட்டை பெரும்பாலும் தேவைப்படாது. பிடரியில் ஒரு பட்டை அளவு மட்டும் மழிப்பார்கள்; மேல்முடி அதை மறைத்துவிடும். முதல் நாள் மாலை எண்ணெய் வைக்காமல் தலைக்குக் குளித்து, நகப்பூச்சை அழித்துவிடட்டும். தலையில் பேன் இருந்தால் ஒரு வாரத்துக்கு முன்பே மருந்து போட்டுவிடுங்கள். சொல்லக் கூச்சப்பட்டு மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வீட்டில், தலைவழியாக மாட்டாத, முன்புறம் பொத்தான் வைத்த உடைகள் நான்கைந்து எடுத்து வையுங்கள். உட்காரும் கழிப்பறை இல்லையென்றால், மேலே வைக்கும் நாற்காலி ஒன்றை வாங்கிவிடுங்கள். குந்தி முக்குவது தையலுக்கு ஆகாது.

அரசு மருத்துவமனை என்று தயங்க வேண்டாம். வேலூர் சி.எம்.சி.யில் ஜேக்கப் சாண்டி 1949இலும், சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி 1950இலும் தொடங்கிய துறைகளிலிருந்துதான் இந்த நாட்டின் மூளை அறுவை சிகிச்சையே வளர்ந்தது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், சேர்வதற்கு முன்பே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் காட்டி அனுமதி வாங்கிவிடுங்கள்.

கேள்வி: பக்கத்து வீட்டுக்காரருக்கு மூளை ஆபரேஷன் செய்து, எடுத்த எலும்பை வயிற்றில் வைத்திருக்கிறார்கள். எனக்கும் அப்படி வைப்பார்களா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அவருக்கு நடந்தது வேறு. பெரிய பக்கவாதத்திலோ தலைக்காயத்திலோ மூளை வீங்கும்போது, உயிரைக் காக்க மண்டையோட்டின் ஒரு பக்கத்தையே அகலமாக எடுப்பார்கள். வீக்கம் வடிந்த பிறகு திரும்பப் பொருத்துவதற்காக அதை வயிற்றுத் தோலின் அடியிலோ குளிர்பெட்டியிலோ வைப்பார்கள். கியாரியில் எடுக்கும் சிறிய எலும்பைத் திரும்ப வைப்பதில்லை. இடம் உண்டாக்குவதுதானே நோக்கம்! கழுத்துத் தசைகளே அந்த இடத்துக்குப் போதிய மறைப்பு.

கேள்வி: அம்மா அறுவை முடிந்து ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார். கழுத்தை அசைக்கவே அழுகிறார். பருப்பும் உருளைக்கிழங்கும் கொடுத்தால் சீழ் வைக்கும் என்கிறார்கள் உறவினர்கள். எப்போது பழைய வேலைகளைச் செய்யலாம்?
– ஒரு மகள், மதுரை

பதில்: வலி பெரும்பாலும் தசையிலிருந்து வருவது. எலும்பிலிருந்து பிரித்துத் திரும்பத் தைத்த பிடரித் தசைகள் முதல் இரண்டு வாரம் கல்லாக இறுகிக் கிடக்கும். ஆறு வாரம் வரை கூட விறைப்பு இருக்கலாம். வலி வந்த பிறகு மாத்திரை தேடாமல், மருத்துவர் எழுதிய நேரப்படி கொடுங்கள். எழும்போது நேராக எழுப்பாதீர்கள்; பக்கவாட்டில் ஒருக்களித்து, கால்களைக் கீழே விட்டு, கையை ஊன்றி எழட்டும். தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்திப் படுக்கட்டும். நெற்றியோரத்தில் சிறு புள்ளிக் காயங்கள் தெரிந்தால் பயப்பட வேண்டாம்: குப்புறப் படுக்கவைத்துச் செய்யும் அறுவையாதலால், தலை அசையாமலிருக்க மூன்று முனைகள் கொண்ட பிடியில் பொருத்துவார்கள். முதல் ஓரிரு நாள் கண்ணிமையும் கன்னமும் வீங்கியிருந்தாலும், வாந்தி வந்திருந்தாலும், அவையும் இந்த அறுவையையொட்டியவையே.

பருப்பால் சீழ் வைக்காது. புண் ஆறப் புரதம் வேண்டும். பருப்பு, முட்டை, மீன், தயிர் எல்லாம் கொடுங்கள். உறவினர்கள் சொல்வதைக் கேட்டு வெறும் ரசம் சாதத்தில் இருத்தப்பட்டவர்களுக்குத்தான் புண் ஆறத் தாமதமாகிறது. உருளைக்கிழங்கால் கெடுதல் இல்லை. சர்க்கரை நோய் இருந்தால் மட்டும் அளவு பாருங்கள். அதைவிட முக்கியம் மலச்சிக்கல். டிரமடால் போன்ற வலி மருந்துகள் குடலை மந்தமாக்கும். கீரை, வாழைப்பழம், போதிய தண்ணீர், வேண்டுமானால் மலமிளக்கி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தையல் பிரிக்கும்வரை, அதாவது 10 முதல் 14 நாள் வரை, காயம் நனையக் கூடாது. தைலம், மஞ்சள் எதுவும் அதன்மேல் வேண்டாம். கனமான கொண்டை காயத்தில் அழுத்தாமல், முடியைத் தளரப் பின்னிப் பக்கவாட்டில் விடுங்கள். நடக்கத் தடை இல்லை, நடப்பதே நல்லது. ஆறு வாரத்துக்கு மூன்று கிலோவுக்கு மேல் தூக்க வேண்டாம். தண்ணீர்க் குடம், அரிசிப் பை, பேரக்குழந்தை மூன்றும் இதில் அடங்கும். உட்கார்ந்து பார்க்கும் வேலை நான்கு முதல் ஆறு வாரத்தில், சுமை தூக்கும் வேலை மூன்று மாதம் கழித்து என்பது பொதுக்கணக்கு. இருசக்கர வாகனம், கழுத்தைத் தாராளமாகத் திருப்ப முடிந்த பிறகு, மருத்துவர் அனுமதித்தால் மட்டுமே. நீர்க்குழி இருந்திருந்தால், மூன்று முதல் ஆறு மாதத்தில் எடுக்கும் எம்.ஆர்.ஐ.யில்தான் பலன் தெரியும். அதற்குள் கை மரத்துப்போனது குறையவில்லையே என்று கலங்க வேண்டாம்.

கேள்வி: என் தங்கைக்குப் பன்னிரண்டாம் நாள் தையலுக்கு அடியில் மெத்தென்று ஒரு வீக்கம் வந்து, தலையணையும் நனைந்தது. திரும்ப அறுவை செய்து சரிசெய்தார்கள். முதல் அறுவையில் தவறு நடந்ததா?
– ஒரு அக்கா, ஈரோடு

பதில்: அப்படிச் சொல்லிவிட முடியாது. தைத்த உறையின் ஓரத்தில் மூளைத் தண்டுவட நீர் கசிவது, உறையைத் திறந்து செய்யும் இந்த அறுவையில் நன்கு தெரிந்த சிக்கல். ஒப்புதல் படிவத்திலேயே அது இருக்கும். தோலுக்கு அடியில் மட்டும் சேரும் சிறிய வீக்கம் பல நேரங்களில் தானாகவே வற்றிவிடும். வெளியே கசிந்தால் நிலைமை வேறு, ஏனெனில் அந்த வழியில் கிருமி உள்ளே நுழைந்து மூளை உறை அழற்சி வரலாம். சிலருக்கு முதுகில் குழாய் வைத்து நீரை வடித்தாலே அடைபடும், சிலருக்கு மறுபடி தைக்க வேண்டியிருக்கும். உங்கள் தங்கைக்குச் செய்தது முறையான சிகிச்சையே.

தையலில் தெளிந்த நீர் கசிந்தாலோ, காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ, தலைவலியும் வாந்தியும் நாளுக்கு நாள் கூடினாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, எழுப்பினாலும் மயங்கி மயங்கி விழுந்தாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, பஞ்சு வைத்துக் கட்டிவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம். இரவானாலும், அறுவை செய்த மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கே போங்கள். அது தொலைவில் இருந்தால், மூளை அறுவை சிகிச்சைப் பிரிவு உள்ள அருகிலுள்ள மருத்துவமனைக்குப் போங்கள். டிஸ்சார்ஜ் தாளும் கடைசி ஸ்கேனின் சி.டி.யும் கையில் இருக்கட்டும்.