வினாடி வினாவுக்குக் கேள்வி எழுதுவோருக்கு: கேள்வி பதில்

நெல்லையில் நடக்கவிருக்கும் கல்லூரி வினாடி வினாவுக்கு வரும் கேள்விகளைத் திருத்தித் தொகுக்கும் பொறுப்பில் இருப்பதால், விதிமுறைத் தாளைப் பற்றி நண்பர்கள் கேட்டவற்றுக்கு விடை தருகிறேன்.

அம்பாசமுத்திரம் மாணவர்: ஐயா, கடினமான குறிப்பு முதலில் வர வேண்டும் என்ற விதி எதற்கு?

கேள்வியை வாசித்துக்கொண்டிருக்கும்போதே, விடை சொல்ல முந்துவோர் பஸ்ஸர் என்ற மணியை எந்தச் சொல்லிலும் அழுத்தலாம் என்பதால்தான், தம்பி. உங்கள் கால்டுவெல் கேள்வி "1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட இவர்" என்று தொடங்குகிறது. அதற்குப் பின் மூன்று வரிகள் இருந்தும் பயனில்லை, விரல் வேகமுள்ளவர் வென்றுவிடுவார். 1881இல் வெளிவந்த அவருடைய திருநெல்வேலி வரலாற்று நூலை முதலிலும், அவர் வாழ்ந்த இடையன்குடியை நடுவிலும், ஒப்பிலக்கணத்தைக் கடைசியிலும் வைத்தால், ஆழ்ந்து படித்தவர் முந்துவார். மற்றவரும் வெறுங்கையோடு போகமாட்டார்.

பாளையங்கோட்டை ஆசிரியை: ஒருவர் எத்தனை கேள்விகள் அனுப்பலாம்?

இருபது. தாளின் முதல் வரியிலேயே இருக்கிறது, அம்மா.

தூத்துக்குடி வாசகர்: "பாரதி பிறந்த மாவட்டம் எது?" என்ற என் கேள்வியை ஏன் திருப்பினீர்கள்?

1882இல் அவர் எட்டயபுரத்தில் பிறந்தபோது தூத்துக்குடி மாவட்டம் என்று ஒன்று இல்லை. 1986இல்தான் அது திருநெல்வேலியிலிருந்து பிரிந்தது. விடை ஒன்றுதானா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

தென்காசி வாசகர்: அப்படியானால் 1911இல் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதனின் ஊரான செங்கோட்டைக்கும் பழைய கணக்கில் திருநெல்வேலி என்பதுதானே விடை?

பலரும் வழுக்கி விழும் இடம் இது. 1911இல் செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1956இல் நம் பக்கம் வந்து திருநெல்வேலி மாவட்டத்தில் சேர்ந்தது. 2019இல் தென்காசிக்குப் போனது. ஒரே ஊருக்கு மூன்று விடைகள். மாவட்டத்தைத்தான் கேட்க வேண்டும் என்றால், "இன்றைய" என்ற சொல் முதல் குறிப்புக்கும் முன்னால் நிற்க வேண்டும். கடைசி வரியில் அதை ஒட்டவைத்தால், நடுவிலேயே பஸ்ஸரை அழுத்தியவருக்கு அநியாயம் செய்தவர்களாவோம்.

தூத்துக்குடி வாசகர் மீண்டும்: இரண்டு விடைகளையும் ஏற்கலாம் என்று விடைக்குறிப்பில் எழுதிவிட்டால் போதாதா?

போதாது. தாமிரபரணிக்குப் பொருநை என்று மறுபெயர் இருப்பதால் அங்கே இரண்டையும் ஏற்கலாம். கேள்வியில் உள்ள ஓட்டையை விடைக்குறிப்பால் அடைக்க முடியாது. விடை ஒன்றுதானா என்று மறுபடியும் பாருங்கள்.

சங்கரன்கோவில் மாணவி: எத்தனை கேள்விகள் அனுப்பலாம், ஐயா?

மேலே பார்க்கவும்.

வள்ளியூர் வாசகர்: பரிசுத் தொகை எவ்வளவு?

விழாக் குழுவிடம் கேளுங்கள்.

கோவில்பட்டி மாணவர்: ஆஷ் சுடப்பட்ட மணியாச்சி எந்த மாவட்டம் என்று கேட்கலாமா?

எந்த ரயில் நிலையம் என்று கேளுங்கள், தம்பி.