வாசகர் கேள்வி பதில்: எடை குறைந்த தொங்குபடுக்கையை அமைப்பது எப்படி?

கேள்வி: நண்பர்கள் மூவர் தாளடி அறுவடை முடிந்த பிறகு பச்சைமலைக்கும் கொல்லிமலைக்கும் நடைப்பயணம் செல்வது வழக்கம். இதுவரை கூடாரம் சுமந்து சென்றோம். பாறையும் சரிவுமாக இருக்கும் நிலத்தில் கூடாரம் அடிக்கச் சமதளம் கிடைப்பதில்லை, சுமையும் அதிகம். இரண்டு மரங்களுக்கு இடையே கட்டும் ஹேமக் எனப்படும் தொங்குபடுக்கைக்கு மாற விரும்புகிறோம். கூரை, கொசுவலை எல்லாம் சேர்த்து ஒருவருக்கு 2 கிலோவுக்குள் அடங்குமா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: அடங்கும். ஆனால் அந்த 2 கிலோவை எந்தப் பொருளில் எடை குறைத்து எட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தே இரவு உறக்கமும் பாதுகாப்பும் அமையும். படுக்கைத் துணி, மரத்தைச் சுற்றும் பட்டைகள், கொசுவலை, மேற்கூரை, முதுகுக்குக் கீழே குளிரைத் தடுக்கும் விரிப்பு ஆகிய ஐந்தும் சேர்ந்தால்தான் அமைப்பு முழுமை பெறும். இவற்றுள் துணியிலும் கூரையிலும் எடையைக் குறைக்கலாம்; பட்டையிலும் கீழ்விரிப்பிலும் குறைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

முதலில் துணி. பருத்திக் கயிற்றில் பின்னிய வலை ஊஞ்சல்கள் வீட்டுத் தோட்டத்துக்கு நல்லவை. பயணத்துக்குக் கனம் அதிகம், நனைந்தால் எளிதில் உலரா. இரு முனைகளிலும் சுருக்கிக் கட்டிய மெல்லிய நைலான் துணிப் படுக்கையே உங்களுக்கு ஏற்றது. கடைகளில் பெரும்பாலும் 9 அடி நீளத்தில் கிடைப்பவை எடையில் சற்றுக் குறைவு என்றாலும், சராசரி உயரமுள்ளவர் அவற்றில் உடல் வளையாமல் படுக்க முடியாது. 11 அடி நீளமும் 5 அடி அகலமும் உள்ளதைத் தேடுங்கள். சதுர மீட்டருக்கு 70 கிராம் எடையுள்ள துணியானால் அந்த அளவுக்கு ஏறத்தாழ 350 கிராம்தான் வரும். அதில் நேர்கோட்டில் படுக்காமல், தலையை ஓர் ஓரத்துக்கும் கால்களை எதிர் ஓரத்துக்கும் நகர்த்திக் குறுக்காகப் படுத்தால் துணி தட்டையாக விரிந்து முதுகு ஏறக்குறைய நேராகும். தொங்குபடுக்கையில் முதுகு வலிக்கிறது என்று சொல்வோரில் பெரும்பாலோர் குட்டையான துணியில் நேர்கோட்டில் படுத்தவர்களே.

அடுத்து, கட்டும் கோணம். புதிதாகக் கட்டுவோர் துணியை விறைப்பாக இழுத்துக் கட்டினால் தட்டையாக இருக்கும் என்று எண்ணுவது இயல்பு. குழந்தைக்குச் சேலையில் தூளி கட்டியவர்களுக்குத் தெரியும், துணி தொய்ந்து இறங்கினால்தான் குழந்தை உருளாமல் உறங்கும் என்பது. பெரியவர்களின் படுக்கைக்கும் அதே விதிதான். பட்டை கிடைமட்டத்திலிருந்து 30 பாகை சரிவில் இருக்கும்போது 70 கிலோ எடையுள்ளவர் படுத்தால் ஒவ்வொரு பக்கப் பட்டையிலும் 70 கிலோ அளவுக்கு இழுவிசை ஏற்படும். சரிவு 15 பாகையாகக் குறைந்தால் அது 135 கிலோவாகவும், 10 பாகையில் 200 கிலோவாகவும், 5 பாகையில் 400 கிலோவாகவும் உயரும். பட்டை அறுவதும் சிறு மரம் சாய்வதும் இதனால்தான். சுட்டுவிரலைக் கிடைமட்டமாகவும் கட்டைவிரலைச் செங்குத்தாகவும் நீட்டிப் பாருங்கள். இரு விரல் நுனிகளையும் இணைக்கும் கோட்டின் சரிவு ஏறத்தாழ 30 பாகை. இன்னும் உறுதியான வழி, படுக்கையின் இரு முனைகளுக்கும் இடையே மாறாத நீளமுள்ள ஒரு மெல்லிய கயிற்றை நிரந்தரமாகக் கட்டிவிடுவது. அதன் நீளம் துணி நீளத்தில் 83 விழுக்காடு, அதாவது 11 அடித் துணிக்குச் சுமார் 2.8 மீட்டர் இருந்தால், மரங்களுக்கிடையே தொலைவு சற்று மாறினாலும் தொய்வு மாறாது. கொசுவலையை அந்தக் கயிற்றின் மேலேயே போர்த்திக்கொள்ளலாம்.

பட்டைகள் 2.5 சென்டிமீட்டர் அகலமுள்ள பாலியெஸ்டர் நாடாவாக, ஒவ்வொன்றும் சுமார் 3 மீட்டர் நீளத்தில் இருக்கட்டும். நைலான் நாடா வலுவானதுதான். ஆனால் பாரத்தில் நீளும் இயல்புடையது என்பதால், நள்ளிரவுக்குள் படுக்கை தரையைத் தொட்டுவிடக்கூடும். எடை குறைகிறதே என்று மெல்லிய கயிற்றை நேரடியாக மரத்தில் கட்டவே வேண்டாம். மரம் தன் உணவைக் கொண்டு செல்லும் திசு மரத்தோலுக்கு அடியிலேயே இருக்கிறது. கயிறு அதை நசுக்கினால் நாம் ஓர் இரவு உறங்கியதற்கு மரம் பல ஆண்டுகள் துன்பப்படும். 12 முதல் 15 அடி இடைவெளியில், குறைந்தது 15 சென்டிமீட்டர் பருமனுள்ள, உயிருள்ள இரண்டு மரங்களைத் தேர்ந்து, ஏறத்தாழ 6 அடி உயரத்தில் கட்டுங்கள். உட்காரும்போது துணி தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் நின்றால் போதும். அதற்கு மேல் உயர்த்துவது விழுந்தால் படும் அடியைத்தான் பெரிதாக்கும்.

கூரைக்கு, நெல் உலர்த்தும் தார்ப்பாயை எடுத்துச் செல்ல நினைத்தீர்களானால் அதன் எடையை ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். பெரும்பாலும் அதுவே 2 கிலோவை நெருங்கிவிடும். சிலிகான் பூசிய மெல்லிய துணியில் 11 அடி நீளமும் 9 அடி அகலமும் உள்ள கூரை 450 கிராம் அளவில் முடியும். அதில் நைலானைவிடப் பாலியெஸ்டர் மேல், ஏனெனில் நைலான் நனைந்தால் தளரும். நள்ளிரவு மழையில் எழுந்து கயிறுகளை இறுக்க வேண்டிவரும். கூரை படுக்கையின் இரு முனைகளுக்கும் அப்பால் ஒரு சாணாவது நீண்டிருக்க வேண்டும். மரத்தில் வழியும் மழைநீர் பட்டை வழியாகவே படுக்கைக்கு வந்து சேரும் என்பதால், கூரைக்கு உட்பட்ட இடத்தில் பட்டையின் மேல் ஒரு சிறு நூலைக் கட்டித் தொங்கவிடுங்கள். நீர் அந்த நூல் வழியே சொட்டிவிடும்.

டெல்டாக்காரர்கள் பலரும் மறக்கும் பொருள் கீழ்விரிப்பு. கடல்மட்டத்துக்கு அருகில் வாழ்ந்து பழகிய நமக்கு முதுகுக்குக் கீழிருந்து குளிர் வரும் என்ற நினைப்பே எழுவதில்லை. உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை சுமார் 6 பாகை செல்சியஸ் குறையும். நீங்கள் செல்லும் தை, மாசி இரவுகளில் கொல்லிமலையின் மேட்டுப்பகுதி நன்றாகவே குளிரும். தொங்குபடுக்கையில் காற்று உடலுக்கு அடியிலும் ஓடும். 20 பாகை வெப்பநிலையிலேயே முதுகு சில்லிடத் தொடங்கிவிடும். போர்வையை உள்ளே விரித்துப் படுப்பதால் பயன் குறைவு. உடல் எடையில் அதன் பஞ்சு நசுங்கி, வெப்பத்தைக் காக்கும் காற்று வெளியேறிவிடுகிறது. படுக்கைக்கு வெளியே, அடிப்பக்கத்தை ஒட்டி நசுங்காமல் தொங்கும் பஞ்சு விரிப்பே சரியான தீர்வு. அதன் எடை சுமார் 500 கிராம். விலை கட்டுப்படியாகாவிட்டால் யோகா விரிப்பைப் போன்ற நுரைப்பாயைப் படுக்கைக்குள் போடலாம். அது நழுவும், வியர்வையும் தங்கும். என்றாலும் உறுதியாகக் குளிரைத் தடுக்கும்.

கணக்கிட்டால் துணி 350, பட்டைகளும் இணைப்புகளும் 250, கொசுவலை 250, கூரையும் முளைகளும் கயிறுகளும் 550, கீழ்விரிப்பு 500. ஆக 1,900 கிராம்.

ஒன்றை மட்டும் வலியுறுத்திச் சொல்கிறேன். இரண்டு மலைகளிலும் காப்புக்காடுகள் உள்ளன. அங்கு வனத்துறையின் அனுமதியில்லாமல் நுழைவதும் இரவு தங்குவதும் குற்றம். பட்டா நிலத்துத் தோட்டங்களில் உரிமையாளரின் இசைவைப் பெற்றுக் கட்டிக்கொள்ளலாம். மாசி முதல் காடு காய்ந்து கிடக்கும். 2018 மார்ச் மாதம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் மாண்டதை நாம் மறக்கக் கூடாது. படுக்கையின் அருகே அடுப்பு மூட்டவே வேண்டாம்.

கேள்வி: எங்கள் தென்னந்தோப்பில் மரங்கள் சரியான இடைவெளியில் வரிசையாக நிற்கின்றன. பயணத்துக்கு முன் அங்கேயே கட்டிப் பழகலாமா?
– வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: பழகுவது மிக நல்லது, தென்னையில் வேண்டாம். 20 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தேங்காய் தரையை அடையும்போது மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தை எட்டியிருக்கும். காய் பறித்த மரமாயினும் மட்டை விழும், அதுவும் ஆடிக்காற்றில் எப்போது என்று சொல்லவே முடியாது. மேலும், 2018 நவம்பரில் வீசிய கஜா புயலில் உங்கள் வட்டாரத்தில் எத்தனை தென்னைகள் வேரோடு சாய்ந்தன என்பது உங்களுக்குத் தெரியும். அன்று விழாமல் சாய்ந்து நின்று பிழைத்த மரங்களில் பக்கவாட்டு இழுவையைச் செலுத்துவது எனக்கு ஏற்புடையதன்று. இன்னொரு காரணமும் உண்டு. வேம்பு, புளி போன்ற மரங்கள் தண்டில் பட்ட காயத்தைப் புதுத் திசுவால் மெல்ல மூடிக்கொள்ளும். தென்னைக்கும் பனைக்கும் அந்த ஆற்றல் இல்லை. தண்டில் விழுந்த காயம் மரம் உள்ளவரை அப்படியே இருக்கும்.

வாய்க்கால் கரையிலோ வீட்டுக் கொல்லையிலோ நிற்கும் வேம்பு, புளி, முதிர்ந்த பூவரசு ஆகியவற்றைப் பாருங்கள். முருங்கையும் ஒதியனும் எளிதில் முறியும் என்பதால் அவை கூடாது. எந்த மரமானாலும் கட்டுவதற்கு முன் அண்ணாந்து பார்த்து, பட்டுப்போன கிளை எதுவும் நேர்மேலே இல்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கேள்வி: எனக்குத் தையல் தெரியும். படுக்கைத் துணியை வீட்டிலேயே தைத்துக்கொள்ள இயலுமா? என் மகளும் உடன் வருகிறாள். இருவருக்கும் ஒரே படுக்கை போதுமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: இந்த ஐந்து பொருள்களுள் வீட்டில் தைக்க மிக எளியது படுக்கைத் துணிதான். துணிக்கடையில் பாராசூட் துணி என்று கேட்டால் பல தரங்களைக் காட்டுவார்கள். குடைத்துணி போன்ற மிக மெல்லியதை விடுத்து, கட்டம் கட்டமாகத் தடித்த இழை ஓடும் கிழியாத நைலானைத் தேர்ந்தெடுங்கள். இருவர் இரு முனைகளைப் பிடித்துக் குறுக்கும் நெடுக்கும் பலமாக இழுத்துப் பார்த்து, இழை விலகினால் அதை வாங்காதீர்கள். நான்கு மீட்டர் வாங்கினால் மடிப்புக்கும் போதும். நீளவாட்டு ஓரங்களைச் சிறியதாக இருமுறை மடித்துத் தையுங்கள். அகலவாட்டு ஓரங்களில் கயிறு நுழையும் அளவுக்கு ஒன்றரை அங்குலக் குழல் விட்டு, மூன்று வரிசைத் தையல் போடுங்கள். நூல் கட்டாயம் பாலியெஸ்டராக இருக்க வேண்டும். பருத்தி நூல் ஈரத்தில் மட்கி, பார்வைக்கு நன்றாக இருக்கும்போதே அறுந்துவிடும். குழலுக்குள் தடித்த கயிற்றை நுழைத்து இறுக்கினால் துணி சீரான மடிப்புகளோடு சுருங்கும். அந்தக் கயிற்றின் கண்ணியே பட்டையோடு இணையும் இடம். முதல் சோதனையைத் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில், கீழே மெத்தை போட்டுச் செய்யுங்கள். முதலில் அரிசி மூட்டையை வைத்து ஒரு மணி நேரம் விட்டுப் பார்த்த பிறகு நீங்கள் உட்காருங்கள்.

இருவருக்கு ஒரே படுக்கை உறங்குவதற்கு உதவாது, ஏனெனில் துணியின் நடுப்பள்ளம் இருவரையும் ஒன்றாகச் சரித்துவிடும்; குறுக்காகப் படுக்கவும் இடம் இராது. மகளுக்குத் தனியாக ஒன்று தைத்து, இரண்டையும் ஒரே கூரையின் கீழ் அடுத்தடுத்துக் கட்டுங்கள். தனித்தனியே கூரை சுமக்கும் எடையும் மிச்சமாகும். ஒன்றன்மேல் ஒன்றாக மட்டும் கட்ட வேண்டாம்.

கேள்வி: கொசு, எறும்பு, பாம்பு ஆகியவற்றிலிருந்து தொங்குபடுக்கை காக்குமா? மழை பிடித்தால்?
– வாசகர், வேதாரண்யம்

பதில்: மேலே வலையிருந்தாலும், மெல்லிய துணி முதுகோடு ஒட்டும் இடத்தில் கொசு கீழிருந்தே துணியைத் துளைத்துக் கடிக்கும். கீழ்விரிப்பு இதற்கும் காப்பாகும். வெப்பம் மிகுந்த நம் கடலோரத்தில் அதற்குப் பதிலாகப் படுக்கையைச் சுற்றிலும் உறைபோல் மூடும் வலையைப் பயன்படுத்தலாம். இலைகளைச் சேர்த்துப் பின்னிக் கூடு கட்டும் முசுறு எறும்புகள் உள்ள மரத்தைத் தவிர்த்துவிடுங்கள், பட்டையே அவற்றுக்குப் பாதையாகிவிடும். மாமரத்தில் இதைத் தவறாமல் பாருங்கள். தரையில் உறங்குவோரை இரவில் தீண்டும் கட்டுவிரியனிடமிருந்து உயர்ந்த படுக்கை நல்ல பாதுகாப்பு. எனினும் நீங்கள் படுக்கையிலிருந்து இறங்கும்போது அந்த உயரம் உதவாது. செருப்பையும் காலணியையும் தரையில் விடாமல் கயிற்றில் மாட்டுங்கள். கைவிளக்கால் தரையைப் பார்க்காமல் காலை ஊன்றாதீர்கள்.

மழையைக் கூரை தாங்கும், இடியைத் தாங்காது. கோடை இடிமழையில் உயர்ந்த மரத்தோடு கட்டிய படுக்கையில் இருப்பதைவிட ஆபத்தான இடம் குறைவு. முதல் இடியோசை கேட்டதுமே எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டுக் கட்டடத்துக்கோ மூடிய வாகனத்துக்கோ சென்றுவிடுங்கள். கோடியக்கரைச் சரணாலயத்துக்குள் கட்டலாமா என்று எண்ணியிருந்தால், அனுமதியின்றி இயலாது.

கேள்வி: ஆடியில் கொள்ளிடத்துப் படுகையில், நாணலுக்கு நடுவே நிற்கும் மரங்களில் கட்டித் தங்க விரும்புகிறோம். தரையில் படுக்கவில்லை என்பதால் வெள்ளத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை அல்லவா?
– வாசகர், சீர்காழி

பதில்: அஞ்சியே ஆக வேண்டும். ஒன்றரை அடி உயரம் ஆற்று வெள்ளத்துக்கு ஒரு பொருட்டே அன்று. காவிரியில் மிகும் நீரைக் கடலுக்குக் கொண்டு செல்லும் வழியே கொள்ளிடம். மேட்டூர் அணை 120 அடி நிரம்பிவிட்டால், குடகிலும் வயநாட்டிலும் பெய்யும் மழை உபரி நீராக, காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்பு வழியே இதில்தான் திறக்கப்படும். அப்போது சீர்காழியில் வானம் தெளிந்து, ஒரு துளி மழையும் இல்லாமல் இருக்கக்கூடும். 2018 ஆகஸ்டில், அதாவது ஆடி முடிந்த சில நாள்களில், முக்கொம்பு மேலணையின் மதகுகளே உடைந்த அளவுக்கு நீர் ஓடிய ஆறு இது. ஆடியிலும் ஆவணியிலும் படுகையில் இரவு தங்கும் எண்ணத்தை முற்றிலும் கைவிடுங்கள். பங்குனியில் செல்வதானாலும் ஆற்றுக்குள் இறங்காமல், கரைக்கு வெளிப்புறம் உள்ள தோப்புகளில் உரிமையாளரிடம் கேட்டு இடம் பாருங்கள். கட்டும் மரத்தின் தண்டில் தலைக்கு மேலாக வைக்கோலும் குப்பையும் சிக்கிக் காய்ந்திருந்தால் முன்னொரு வெள்ளம் அவ்வளவு உயரம் வந்திருக்கிறது என்று பொருள். அந்த மரத்தை விட்டு வேறு இடத்துக்குச் செல்லுங்கள்.